வேன் நிற்கும் பக்கம்

விழுப்புரம்
3.6.2024

அன்புள்ள வீரம்மாளுக்கு,

ஜெசிந்தா எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? வீட்டிலிருந்த ஒரே போனையும் உன் மகளின் சவப்பெட்டியில் வைத்து மண்ணுக்குள் அனுப்பிவிட்டாய். அதனால் பள்ளிக்கூடத்துத் தோழிக்கு இந்த வயதில் கடிதம் எழுதும்படி ஆயிற்று. கை வலிக்கிறது, போ.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அமலி படித்துக்கொண்டிருந்த, எங்கள் ஆபீஸ் நடத்தும் அதே ஆஸ்பத்திரி உதவியாளர் பயிற்சி, திண்டிவனத்தில் அடுத்த மாதம் மறுபடி தொடங்குகிறது. முடித்தால் வேலை நிச்சயம். ஆனால் உங்கள் காலனியிலிருந்து ஒரு பெண்கூடப் பெயர் கொடுக்கவில்லை. சின்னபொண்ணு மகளைக் கேட்டேன். "ரோட்ட தாண்ட பயமா கீதுக்கா. அமலி அக்கா அரளிச் செடியாண்ட டிபன் பையோட நின்னுக்கினு இருக்குது. நானே பாத்தேன்" என்கிறாள். எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள்.

இந்த முறை விட்டால் வேறு ஊருக்கு இடத்தைக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் இவர்களும் நம் அம்மாக்களைப் போல அடுத்தவர் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கி முதுகு வளைய வேண்டியதுதான். நீ பெற்றவள். "அங்கே யாரும் இல்லை" என்று நீ சொன்னால் நம்புவார்கள். சொல்வாயா?

உன்
ஜெசிந்தா

ஓமந்தூர் காலனி
9.6.2024

பிரியமுள்ள ஜெசிந்தாவுக்கு,

நலம் என்று எழுத வரவில்லை. கேப்பைக் கூழ் குடிக்கிறேன், இருக்கிறேன்.

நீ கேட்டதைச் சொல்ல மாட்டேன்.

அந்த ரோட்டில் அவளை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். தண்ணீர் லாரிக்காரன்கூடப் பார்த்தானாம். பெற்றவள் கண்ணில் மட்டும் படமாட்டேன் என்கிறாள். நானும் போய் நின்று பார்க்கிறேன். ரோட்டு நடுவிலிருக்கும் அரளிப் பூதான் ஆடுகிறது. எனக்கு வயிறு எரிகிறது, ஜெசிந்தா.

இன்னொன்று. சுற்றி வந்தால் டீசல் ஆகும் என்று உங்கள் வேன் எப்போதும் எதிர்ப்பக்கமே நிற்கும். அன்றைக்கு நேரமாகிவிட்டது என்று நீ வேனிலிருந்து கை காட்டினாய். உன் கையைப் பார்த்தவள், வந்த பஸ்ஸைப் பார்க்கவில்லை. இதை உன்னிடம் சொல்லவே கூடாது என்றிருந்தேன். சொல்ல வைத்துவிட்டாய்.

அங்கே யாரும் இல்லை என்று நான் சொன்னால், நாளைக்கே பிள்ளைகள் ரோட்டைத் தாண்டுவார்கள். வேனும் அதே பக்கம் நிற்கும். அவள் நிற்கட்டும். வேன் பாலத்தடியில் சுற்றிக்கொண்டு காலனிக்குள் வரட்டும், மாதா சிலை இருக்கும் கெபி வாசலில் நிற்கட்டும். அப்புறம் வீடு வீடாகப் போய்ப் பெண்களை நானே ஏற்றி அனுப்புகிறேன்.

வீரம்மாள்

விழுப்புரம்
24.6.2024

வீரம்மா,

உன் கடிதத்தைப் படித்தேன். அந்தக் கையால்தான் இதையும் எழுதுகிறேன்.

ஆபீஸில் சண்டை போட்டேன். "பேய்க்கு பயந்து ரூட்ட மாத்தச் சொல்றீங்களா மேடம்?" என்று சிரித்தார்கள். "பேயோ பொண்ணோ, வேன் ஊருக்குள்ள போகலன்னா நானும் இங்க இல்ல" என்று சொல்லிவிட்டேன். பயிற்சி தொடங்கும் நாளிலிருந்து டிரைவர் சேரன் சுற்றிக்கொண்டு வருவார்.

உன்னைப் பார்க்க வரலாமா?

ஜெசிந்தா

ஓமந்தூர் காலனி
18.8.2024

அன்பு ஜெசிந்தாவுக்கு,

வேன் ஒழுங்காக வருகிறது. சேரன் அடிக்கும் ஹாரனுக்குக் காலனியே எழுந்துகொள்கிறது. சின்னபொண்ணு மகள் சாயங்காலமானால் வந்து, "பெரிம்மா, பிரஷர் பாக்கறேன், கைய நீட்டு" என்று உயிரை எடுக்கிறாள். நீட்டுகிறேன். நன்றாகப் படிக்கிறாள். எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை.

ஆனால் இப்போது அந்தப் பிள்ளைகள் ரோட்டுப் பக்கம் போவதில்லை. அமலியைப் பார்த்தேன் என்று யாரும் சொல்வதும் இல்லை. போன வாரம் வாய்விட்டுக் கேட்டே விட்டேன், "எவளாச்சும் அவளப் பாத்தீங்களாடி?" என்று. "அதெல்லாம் போயிருச்சி பெரிம்மா" என்று சொல்லிவிட்டு ஜல்தி ஜல்தியாக வேனில் ஏறிக்கொண்டார்கள். வேனைச் சுற்றி வரச் சொன்னவள் நான். என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களையும் நானே அப்புறப்படுத்திவிட்டேன்.

அதனால் வேன் போனதும் நான் ரோட்டோரம் போய் நிற்கிறேன். அவள் அங்கே தனியாக நிற்கக் கூடாது, இல்லையா?

வரலாமா என்று கேட்டாய், பதில் போடாமல் இருந்துவிட்டேன். வா. காலையில் அங்கேதான் இருப்பேன். நீயும் பாலத்தடியில் சுற்றி, எங்கள் பக்கமாகவே வா. எதிர்ப்பக்கம் இறங்கி என்னைப் பார்த்துக் கை மட்டும் காட்டிவிடாதே. அவள் ஓடி வந்துவிடுவாள்.

வீரம்மாள்