சகலன் காருக்குத் தண்ணீர் காட்டியது

ஆகஸ்ட் 4, திங்கள்

கச்சான் காற்று. விடியற்காலையிலிருந்தே வீடு முழுக்க மணல். களுவாஞ்சிக்குடியில் யானை வேலி பற்றிய கூட்டம். போனேன், எழுதினேன், பேப்பருக்கு அனுப்பினேன்.

திரும்பி வந்தபோது மாமரத்தில் சங்கிலி போட்டு மாமாவின் காரைப் பின்பக்கமாகத் தூக்கியிருந்தார்கள். எஞ்சின் கீழே, சாக்கின் மேல். சுற்றிவர எண்ணெய்க் கறை.

மாமாவின் கார் என்று எழுதிவிட்டேன். ரவியின் கார். பழக வேண்டும்.

ரவி என் சகலன். என் மனைவி மலருடைய தங்கை சுதாவின் புருசன், சுவிஸில் கராச் வேலை செய்துவிட்டு வந்தவன். ஒரே வளவு, இரண்டு வீடு, நடுவில் வேலி இல்லை. மூத்தவள் என்பதால் மலருக்குக் கலியாணத்தின்போது கட்டிய புது வீடு. இளையவளுக்குத் தாய் தகப்பன் இருந்த பெரிய வீடு. வீட்டோடு கொட்டில், கொட்டிலோடு கார். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. குருக்கள்மடத்தில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். ஆனால் மாமாவை வைத்து அந்தக் காரை ஓட்டியவன் நான். காணி உறுதி எழுதிய அன்று அது ஒருவருக்கும் நினைவில் இல்லை. நானும் வாய் திறக்கவில்லை.

இரண்டு கதவு, தாழ்ந்த உடம்பு, எஞ்சின் பின்னால். ஜெர்மன்காரன் செய்தது. ரேடியேட்டர் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் தேவையில்லை, காற்றிலேயே ஆறுகிற எஞ்சின். தகரத்தில் மழை விழுகிற சத்தம். அதைக் கழற்றிவிட்டு, லொறி மோதிய ஜப்பான் கார் ஒன்றின் தண்ணீர் எஞ்சினைப் பூட்டப் போகிறான்.

“ஸ்பேர் கிடைக்காது அண்ணன். இந்த வெக்கைக்குப் பழசு தாங்கவும் மாட்டா” என்றான். நியாயம். எப்போதும் நியாயமாகத்தான் பேசுவான். அதுதான் எரிச்சல்.

உதவிக்கு ஏறாவூரிலிருந்து நியாஸ் மேசன். மேசன் என்பது பட்டப்பெயர், வேலை மெக்கானிக். “காத்தக் குடிச்சிட்டுக் கிடந்த காருக்கு இனித் தண்ணிப் பழக்கம் வரப் போகுது. அண்ணன் பேப்பர்ல போடுங்க” என்றான். தேத்தண்ணி கொண்டுபோன மலர் தட்டைப் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். என் கதை எதற்கும் அவள் அப்படிச் சிரித்து நாளாயிற்று.

ஆகஸ்ட் 9, சனி

வெக்கை. இரண்டு முறை கரண்ட் போனது.

வாங்க: கோதுமை மா, மலருக்கு முழங்கால் தைலம், என் மோட்டார் சைக்கிளுக்கு பிரேக் கேபிள்.

ர. காரின் முன்பக்கத் தகட்டை வெட்டினான். ரேடியேட்டர் அங்கே. எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால், இடையில் வயிற்றுக்கு அடியால் இரண்டு நீளக் குழாய். மாமா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று மலரிடம் கேட்டேன்.

“அப்பா வாகனம் ஓடினாச் சரியெண்டு இரிக்கிற ஆள். உங்களுக்குத்தான் வயிறு எரியுது.”

தைலம் வாங்கப் போவதாகச் சொல்லி வெளியே வந்தேன்.

ஒரு வாரமாகக் கைபேசியில் இந்த எஞ்சின் மாற்றும் படங்களையே பார்க்கிறேன். காதில் வயர் மாட்டிக்கொண்டு, மலசலகூடத்தில்கூட. கற்றுக்கொள்ள அல்ல. எங்கே பிழை வரும் என்று அறிய.

ஆகஸ்ட் 13, புதன்

யானை வேலிச் செய்தி வந்திருக்கிறது. நாலு வரி. ஏழாம் பக்கம், மரண அறிவித்தலுக்கு மேலே.

மத்தியானம் கொழும்பிலிருந்து ஞாயிறு இதழ் ஆசிரியரின் அழைப்பு. “உங்கட சகலன் ஏதோ கார் செய்யுறாராமே. வீடியோ எல்லாரும் அனுப்புறாங்க. அரைப் பக்கம் தாறன், கலர்ப் படம். நீங்கதான் எழுதணும்.”

நான் நாற்பது வருடம் இந்த வாவியைச் சுற்றி எழுதுகிறேன். மீன் செத்து மிதந்தது, வெள்ளம், வயல் வட்டைக்குள் யானை, எல்லாம். அரைப் பக்கம் இதற்குத்தான்.

“எழுதுறன்” என்றேன்.

மாலையில் குறிப்பெடுக்கப் போனேன். ர. ஒவ்வொன்றாகக் காட்டினான். பொறுமையாக, கொப்பியில் எழுத நேரம் விட்டு. பேட்டி கொடுக்கவும் தெரிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 16, சனி

இன்று முதல் ஓட்டம்.

தேங்காய் உடைத்தார்கள். ரேடியேட்டருக்குப் பச்சை நிறக் குளிர்த் தண்ணீர் ஊற்றினார்கள், வளவுக்குள்ளேயே, மாமரத்தடியில். களுவாஞ்சிக்குடி போய்த் திரும்பினார்கள். சத்தமே இல்லை. வேலியோரம் நின்ற பொடியன்கள்தான் சத்தம் போட்டார்கள்.

ர. இறங்கியதும் என்னைக் கூப்பிட்டான். “சூட்டு முள்ளப் பாருங்க அண்ணன். அடியில கிடக்கு. அசையவே இல்ல.” முகம் முழுக்க வெளிச்சம். சுதா அவன் தோளில் இருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.

எல்லோரும் தேத்தண்ணி குடிக்கப் போன பிறகு காரின் முன்னால் குனிந்து ரேடியேட்டரில் கை வைத்தேன். குளிர்ந்து கிடந்தது. பின்னால் போனேன். எஞ்சினிலிருந்து வரும் குழாய் விரலைச் சுட்டுவிட்டது. மெல்லிய கருகல் மணம்.

பார்த்த படங்களில் இது வந்தது. தண்ணீர் சுற்றவில்லை. குழாய்க்குள் காற்று அடைத்திருக்கிறது. சூடு பார்க்கும் முனை காற்றில் நிற்கிறது, தண்ணீரைத் தொடவில்லை. அதனால்தான் முள் அடியில் கிடக்கிறது. முள் பொய் சொல்கிறது. தூர ஓட்டம் ஓடினால் எஞ்சின் வெந்துவிடும், முள் அப்போதும் சிரித்துக்கொண்டு கிடக்கும்.

சொல்லவில்லை.

ஒரு தடவை பார்த்தது போதாது, இரண்டாவது ஆதாரம் வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது செய்திக்கு உள்ள விதி. விரல் இன்னும் எரிகிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

காற்று விழுந்துவிட்டது. புழுக்கம்.

புதன்கிழமை பனிச்சங்கேணியில் கலியாணம், மலருடைய பெரியம்மாவின் பேத்திக்கு. ர. காரில் போவதாக முடிவு. மலர் முன் சீட்டில், முழங்காலை நீட்ட இடம் வேண்டுமாம். சுதா பின்னால். பின் சீட்டில் இன்னொருவர் ஒடுங்கி இருக்கலாம். நான் மோட்டார் சைக்கிளில் வருவதாகச் சொன்னேன். டவுனில் ஒரு வேலை இருப்பதாக. இல்லை.

இன்று பின்னேரம் மறுபடியும் ஓடி வந்தான். மறுபடியும் கை வைத்தேன். முன்னால் குளிர், பின்னால் கொதி. இரண்டாவது ஆதாரம் கிடைத்துவிட்டது.

என் மனதில் ஓடிய படத்தை அப்படியே எழுதுகிறேன், வேறு யார் பார்க்கப் போகிறார்கள்: வாகரைப் பக்கம் ஆள் இல்லாத ரோட்டில் கார் நிற்கிறது, பின்னால் புகை. ர. கையைப் பிசைகிறான். நான் மோட்டார் சைக்கிளில் வந்து சேருகிறேன். அந்தப் படத்தில் வெயிலில் மலரும் நிற்கிறாள் என்பது கடைசியாகத்தான் தெரிந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஒரு செய்தியும் அனுப்பவில்லை. சவரம். வேட்டி அயர்ன் பண்ணியாயிற்று.

மலர் நாளைக்குக் கட்டும் சேலையை விரித்து, “இது நல்லா இரிக்கா?” என்று கேட்டாள். நல்லது என்றேன். “பாக்காமச் சொல்றீங்க” என்றாள்.

ஆகஸ்ட் 20, புதன்

வெயில் ஏறுமுன் புறப்பாடு. வழியனுப்ப நியாஸும் வந்திருந்தான். மலர் முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். ர. சாவியைப் போட்டான்.

“காத்து இரிக்கி” என்றேன்.

“எங்க?”

“குழாய்க்குள்ள. ஓடி வந்த பொறகும் ரேடியேட்டர் ஆறிக் கிடக்கு. முள்ள நம்பாத.”

விவாதிப்பான் என்று நினைத்தேன். எஞ்சினைப் போட்டு விட்டான், பார்த்துக்கொண்டு நின்றான், பின்னால் தொட்டான், கையை உதறினான், முன்னால் வந்து உள்ளங்கையை விரித்து வைத்தான்.

“சுவிஸ்ல மெஷின் பூட்டினா அதுவே காத்த உறிஞ்சி எடுத்திரும். நான் யோசிக்கவே இல்ல அண்ணன்.”

நியாஸ் தலையைச் சொறிந்தான். “முன்பக்கத்த நல்லா உசத்திப் போட்டு ஊத்தணும். இந்த மணல்ல ஜாக்கி புதையும். மேட்டுக்கு எங்க போற? இந்த ஊரே தோசைக் கல்லுப் போல கிடக்கு.”

“பாதைத்துறை” என்றேன்.

வாவியைக் கடக்கிற மிதவைப் பாதையில் மோட்டார் சைக்கிளும் உழவு மெஷினும் ஏறி இறங்கும் கொங்கிறீற்றுச் சரிவு. காரைப் பின்பக்கமாக இறக்கினோம். பின் சில்லு வாவி விளிம்பில், மூக்கு வானத்தைப் பார்த்து. அக்கரைக்குப் போக நின்ற சனம் சுற்றிவிட்டது.

“என்ன, வாத்தியார் வீட்டுக் காருக்குத் தண்ணி காட்டுறாங்களோ?” மாமா வாத்தியாராக இருந்தவர்.

“குடிச்சிட்டுத்தான் வரும், நில்லுகா” என்று இன்னொருத்தி.

ரேடியேட்டரின் மேல் திருகைத் தளர்த்தியதும் உஸ் என்று சீறியது. பிறகு பச்சை நுரை. போத்தல் போத்தலாக உள்ளே போயிற்று, நிரம்பவில்லை. நிரம்பியபோது ரேடியேட்டர் சுட்டது. முள் எழுந்து பாதியில் வந்து நின்றது.

ர. கையைத் துடைத்துக்கொண்டு கேட்டான். “எப்ப கண்டீங்க அண்ணன்?”

“இண்டைக்குத்தான். சும்மா ஒரு சந்தேகம்.”

சனிக்கிழமை கண்டேன்.

“நீங்க சொல்லாட்டி இண்டைக்கு எஞ்சின் போயிரிக்கும்” என்று சாவியை என் கையில் வைத்தான். “நீங்களே எடுங்க. மோட்டார் சைக்கிள நியாஸ் வீட்ட விடுவான்.” போய்ச் சுதாவோடு பின் சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு ஒடுங்கினான்.

ஓட்டினேன். பனிச்சங்கேணி வரை. ஒரு குறை சொல்லலாம் என்று தேடிக்கொண்டே ஓட்டினேன். வாழைச்சேனை தாண்டியதும் தேடுவதை விட்டேன். பழைய எஞ்சினைவிட நன்றாக இழுக்கிறது. ஞாயிறு பக்கத்துக்கு இதை எழுதித்தான் ஆக வேண்டும். மலர் பாதி வழி பின்னால் திரும்பி அவனோடுதான் கதை.

கலியாண வீட்டு வாசலில் இறங்கியதும் ஆண்கள் காரைச் சுற்றிக்கொண்டார்கள். பெண்ணின் தகப்பன் சாவி இருந்த என் கையைப் பார்த்து, “ஆர்ர கார் இது?” என்று கேட்டார்.

சகலன்ட என்று சொல்ல வாயெடுத்தேன். மனதைக் கல்லாக்கிக்கொண்டு, நன்றாகத்தான் சொல்லியிருப்பேன்.

ர. பின் சீட்டிலிருந்து இன்னும் முழுதாக வெளியே வரவில்லை. தலை மட்டும் வந்திருந்தது. “எங்கட” என்றான்.

அதையும் அவனே முந்திச் சொல்லிவிட்டான்.