மூட்டையில் நாலு ஸ்பிரிங்

தூத்துக்குடி, திரேஸ்புரம்
12.8.2024

ஜெனிஸ்,

என் காரை விற்றது நீதான். சாவியை எடுத்துக் கொடுத்தது உன் தம்பி ஜோன்ஸ். வாசலில் நின்று வழியனுப்பியது உன் அம்மா. ஆனாலும் விற்றது நீ.

போனில் கேட்டால் "நெட் கட்டாகுதுளா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் மெயிலில் கடிதமாக எழுதுகிறேன். கடிதம் பாதியில் கட்டாகாது.

கப்பலுக்குப் போகிற ஆண்கள் இங்கே வழக்கமாகச் செய்வதைத்தான் நீயும் செய்தாய். பேங்குக்கு, ஈ.பி.க்கு, ஆர்.டி.ஓ.வுக்கு என்று எழுதாத தாள்களில் கையெழுத்துப் போட்டுவைத்துவிட்டுக் கப்பல் ஏறினாய். அதை உன் அம்மாவின் அலமாரியில் வைத்தாய். அதே வீட்டில், பக்கத்து அறையில், எனக்கும் ஒரு அலமாரி இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டு வந்தபோது போர்டிகோ காலி. ஆயில் கறைமேல் உன் அம்மா மண்ணைப் போட்டுப் பெருக்கிக்கொண்டிருந்தார். ஜோன்ஸிடம் கேட்டேன். "ஏன் மைனி மொகத்தத் தூக்குதீங்க? இருபது வருசத்து வண்டி, அடியில பூரா உப்புக்காத்து தின்னு போச்சு. அதயும் ஒருத்தன் வாங்குதான்னா அவன் போட்டோவ மாட்டி மெழுகுவர்த்தி ஏத்தணும்" என்கிறான்.

அந்த மஞ்சள் பாலியோ காரைப் பழசாக வாங்கும்போது நீ யாரென்றே எனக்குத் தெரியாது. ஷிப்பிங் ஆபீஸ் வேலையில் நான் வாங்கிய முதல் பெரிய பொருள் அது. பார்க்கச் சின்ன வண்டி. மிதித்தால் ஹார்பர் ரோட்டு டிரெய்லர் டிரைவர்கள் ஜன்னலில் தலையை நீட்டுவார்கள். கல்யாணத்தின்போது உன் அம்மா, "பொம்பளப் பேர்ல என்னத்துக்கு வண்டி" என்றார். சிரித்துக்கொண்டே உன் பேருக்கு மாற்றிக் கொடுத்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் எரிகிறது.

யாரிடம் கொடுத்தீர்கள்? ஏன்?

வீட்டில் எல்லார் முன்னாலும் உன்னை "நீங்க" என்கிறேன். இதில் அது வரவில்லை.

உன் ஜெர்லின்


டர்பன் துறைமுகத்துக்கு வெளியே
19.8.2024

அன்புள்ள ஜெர்லினுக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கப்பலைக் கட்ட பெர்த் கிடைக்காமல் ஒரு வாரமாக நங்கூரம் போட்டுக் கிடக்கிறோம். கரை தெரிகிறது, இறங்க முடியாது.

அம்மாவைத் திட்டாதே. நான் சொல்லித்தான் கொடுத்தாள். ஸ்ரீவைகுண்டத்தில் சங்கரபாண்டியன் என்று ஒருத்தர், வாழை வியாபாரம். நல்ல மனுஷர் என்று ஜோன்ஸ் சொன்னான்.

ஏன் என்று கேட்டிருக்கிறாய். போன லீவில் நாம் இரண்டு பேரும் அந்த வண்டிக்குக் கீழே கிடந்தது ஞாபகம் இருக்கிறதா? பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, குட்டையான, விறைப்பான ஸ்பிரிங்கை மாட்டி வண்டியைத் தாழ்த்தினோம். இடது பக்கம் நீ, வலது பக்கம் நான். நீ முதலில் முடித்துவிட்டு, "எஞ்சினியர் சார், ஒரு கை குடுக்கட்டா" என்றாய். என் கல்யாண வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் கிடையாது.

அதே ஸ்பிரிங்கோடுதான் மே மாதம் பெரியதாழைக்கு, உன் அண்ணன் பிள்ளை ஞானஸ்நானத்துக்குப் போனோம், நீதான் ஓட்டினாய். ஒவ்வொரு பள்ளமும் என் முதுகில் வந்து அடித்தது. நீ மூன்றாம் மாதம். திரும்பி வந்த மூன்றாம் நாள் பிள்ளை தங்கவில்லை. லீவுக்கு வந்து அந்த வண்டியைப் பார்க்க என்னால் முடியாது ஜெர்லின். அதனால்தான்.

அம்மா உனக்காக அந்தோணியாருக்குப் பதின்மூன்று செவ்வாய் கோயிலுக்குப் போவதாக நேர்ந்திருக்கிறாள். அவளோடு போய் வா.

உன் ஜெனிஸ்


தூத்துக்குடி
24.8.2024

ஜெனிஸ்,

டாக்டரம்மாவின் மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலி இருந்தது. ஒன்றில் நீ உட்கார்ந்திருந்தாய். "கரு உருவானதுலேயே கோளாறு. வண்டியில போனது, மாடி ஏறுனது, எதுவும் காரணமில்ல. வீட்டுல யாரும் எதையும் சொல்ல விடாதீங்க" என்று அவர் சொன்னபோது உன்னைப் பார்த்துத்தான் சொன்னார். நீ தலையாட்டினாய். வெளியே வந்து எனக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்து, "கேட்டியா, நம்ம தப்பு இல்ல" என்றாய்.

வீட்டுக்கு வந்தோம். உன் அம்மா, "அந்த வண்டிதாம்ல பிள்ளயத் தின்னுச்சு. பொட்டப்பிள்ள கட்டுவண்டி மாதிரி ஓட்டுனா வயித்துல என்ன நிக்கும்" என்றார். நீ சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாய். பிசைந்துகொண்டே இருந்தாய்.

கப்பல் எஞ்சினில் எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று தெரிந்தவன் நீ. ஒரு ஸ்பிரிங் என்ன செய்யும், என்ன செய்யாது என்று உனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அம்மாவிடம் பேசுவதைவிடக் காரை விற்பது சுலபம்.

பதின்மூன்று செவ்வாயைப் பற்றியும் கேட்டுக்கொள். முதல் செவ்வாய், போன மாதமே போனேன். "வண்டி ஓட்டிப் பிள்ளயப் பறிகொடுத்த மகளுக்காக" என்று பக்கத்து வீட்டு விஜிலா அக்கா சத்தமாக வேண்டுதல் சொல்லி ஜெபித்தார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். உன் அம்மாவும் சொன்னார். இந்தத் தெருவில் பாதி ஆண்கள் கப்பலில் இருக்கிறார்கள். அவர்கள் எந்தத் துறைமுகத்தில் என்ன செய்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பெண்டாட்டி வயிறு மட்டும் ஊர்ப் பொதுச் சொத்து. அடுத்த செவ்வாயிலிருந்து நான் போகவில்லை. அதற்கும் பேச்சு வாங்குகிறேன்.

கார் திரும்பி வராது. அதை விடு. டாக்டர் சொன்னதை உன் அம்மாவிடம் உன் வாயால் சொல்லு. அவ்வளவுதான்.

உன் ஜெர்லின்


டர்பன்
2.9.2024

அன்புள்ள ஜெர்லினுக்கு,

ஒருவழியாக பெர்த் கிடைத்தது. உனக்கு ஒரு கைப்பை வாங்கியிருக்கிறேன், பழுப்பு நிறம்.

நீ எழுதியதைப் படித்தேன். விற்றதற்கு அப்புறம் அதைக் கிண்டுவானேன்? அம்மாவுக்கு பி.பி. ஏற்கெனவே கூட. அவள் மனதில் ஒன்றும் கிடையாது, வாய்தான் அப்படி. லீவுக்கு வந்ததும் புது வண்டி எடுப்போம். நல்ல உயரமான வண்டி, ஆட்டோமேட்டிக். குலுக்கலே தெரியாதாம்.

ஒன்று சொல்லட்டுமா. இரண்டாம் ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்யும்போது நாம் மாற்றிய சைலன்சர் மாதிரியே ஒரு உறுமல் வரும். அந்த நேரம் மட்டும் வேலையை விட்டுவிட்டு நிற்பேன்.

உன் ஜெனிஸ்


தூத்துக்குடி
16.9.2024

ஜெனிஸ்,

சனிக்கிழமை ஸ்ரீவைகுண்டம் போனேன். வீட்டில் சொல்லவில்லை.

கழற்றிய பழைய ஸ்பிரிங் நாலும் மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. உப்புச் சாக்கில் போட்டுக் கட்டி பஸ்ஸில் ஏற்றினேன். "என்னக்கா, கட்டிலக் கழத்திக் கொண்டு போறியளா, வீட்டுல சண்டையா?" என்றார் கண்டக்டர். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

காரை வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்தார்கள். பின்சீட்டில் வாழை இலைக் கட்டு. மஞ்சள் பெயின்ட்டில் காக்கை எச்சம். வலது கதவை மூடும்போது கொஞ்சம் தூக்கி மூட வேண்டும் என்று அவர்களாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். சங்கரபாண்டியன் அண்ணாச்சியின் மனைவி சுடலைச்செல்வி வந்து கதவைத் திறந்து காட்டினாள். எட்டு மாதம் ஜெனிஸ். தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்குப் போய்வரத்தான் அவசரமாக வண்டி வாங்கினார்களாம். நாலு தடவை போய்வந்துவிட்டாள். நாம் மாட்டிய அதே ஸ்பிரிங்கோடு.

சாக்கை அவிழ்த்து, "இத மாட்டிக்கிடுங்க, கொஞ்சம் மெத்துன்னு போகும்" என்றேன்.

"எதுக்கு மாத்தணுங்கேன்? வண்டி ரோட்டப் புடிச்சிக்கிட்டு நிக்கி" என்றார் அவர்.

"பஸ்ஸுக்கு இது எவ்வளவோ மேலுக்கா" என்றாள் அவள். "அந்தச் சத்தம் கேட்டா உள்ள உள்ளது உதைக்கி. இவுகளுக்குத்தான் பயம், எனக்கு இல்ல."

ஸ்பிரிங்கை என்ன செய்ய என்று கேட்டேன். "அங்கன போட்டுட்டுப் போங்க, கோழிக்கூட்டுக்கு முட்டுக் கொடுக்கலாம்" என்றார்.

திரும்பி வரும்போதுதான் உறைத்தது. அவளைப் பார்க்கும் முன்பே எதற்காக அந்தச் சாக்கைக் கட்டினேன்? ஜோன்ஸ் போனில் பேசும்போது "வண்டி வாங்குன வீட்டுல பிள்ளத்தாச்சி" என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. டாக்டர் சொன்னதைக் கேட்டவள் நான். நம்பியவள் நான். அப்படியிருந்தும் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். உன் அம்மாவும் விஜிலா அக்காவும் சொன்னது எனக்குள்ளும் போய் உட்கார்ந்துவிட்டது. என் கையால் இடது பக்கம் இறுக்கிய நட்டுகளை ராத்திரி படுத்துக்கொண்டு எண்ணுகிறேன்.

நான் சொன்னால் அது சாக்குப்போக்கு. டாக்டர் சொன்னால் படித்தவள் பேச்சு. அந்த வீட்டில் நீ சொன்னால்தான் அது உண்மை. இது எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே கேட்கிறேன்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்து சாப்பிட உட்காரும்போது கூப்பிடு. ஸ்பீக்கரில் போடுகிறேன். சொல்லு.

உன் ஜெர்லின்


பெரியதாழை
7.10.2024

ஜெனிஸ்,

மூன்று ஞாயிறு போய்விட்டது.

முதல் ஞாயிறு என்ன மீன் என்று கேட்டாய். விளமீன் என்றார் உன் அம்மா. இரண்டாம் ஞாயிறு ஜோன்ஸோடு கிரிக்கெட் பேசினாய். நேற்று உன் அம்மாவே கேட்டார்: "மருமவ நீ என்னமோ சொல்லுவன்னு சொல்லுதா. என்னலே அது?" நாங்கள் மூன்று பேரும் கையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். "ஒண்ணுமில்லம்மா, ஒடம்பப் பாத்துக்கோ" என்றாய்.

நெட் கட்டாகவில்லை. பின்னால் ஜெனரேட்டர் உறுமியதுகூடக் கேட்டது.

இன்று காலை எங்கள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அதே ரோடு, அதே பள்ளங்கள். பஸ் தூக்கித் தூக்கிப் போட்டது. கைப்பையை நீ யாருக்கு வேண்டுமானாலும் கொடு. புது வண்டியை உன் பேரிலேயே எடு.

இனி ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். ஸ்பீக்கரும் வேண்டாம். நான் பக்கத்தில் இருந்து பார்க்க மாட்டேன், அது உனக்கு வசதி. உன் அம்மாவைக் கூப்பிட்டு டாக்டர் சொன்னதைச் சொல்லு. சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி எனக்கு எழுது.

ஜெர்லின்