கல்மூடிக்கு அடியில் உப்பு மண்

1997 ஜனவரி 14, செவ்வாய்

எகிப்தியக் கல்லறைக் கண்காட்சிக்கு எங்கள் பட்டறை செய்கிற மாதிரியில், சவப்பெட்டியின் கல்மூடியை இறக்குவது என் பொறுப்பு. கயிறு இல்லை, கப்பி இல்லை. மூடியை நான்கு மரக்கட்டைகள் தாங்கும். கட்டைகள் மணல் குழிகளில் நிற்கும். குழிகளின் பக்க அடைப்புகளைத் திறந்தால் மணல் வழியும், மூடி தானாக இறங்கும். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன் எவனோ யோசித்தது! நாளை ஒத்திகை. சரிவந்தால் பொறியியலாளர் உரிமத்துக்கு முதலாளி அக்னெஸ் அனுபவக் கடிதம் தருவார்.

ஜனவரி 15

மூடி சரிந்தது. முந்நூறு கிலோ! மூன்று குழிகள் வழிந்தன, நாலாவது அசையவில்லை. தச்சன் பேனாட் கையை இழுத்தது ஒரு நொடி முந்தி. கடவுளே, ஒரு நொடி.

குழியைக் கிளறினேன். கட்டிகட்டியாக மண். நாக்கில் வைத்தேன் – உப்பு.

மணல் ஒரு சாக்குக் குறைய, பட்டறை உதவியாள் அருளம்பலம் அண்ணை பின்வாசல் பனியில் வழுக்காமல் தூவ வைத்திருந்த மண்ணைக் கொட்டியிருக்கிறார். உப்புக் கலந்த மண் ஈரத்தை இழுக்கும். "மண்தானே பிள்ளை, எல்லாம் ஒண்டு எண்டு நினைச்சன்."

அவர் கொட்டியதை நான் பார்த்தேன். நிறம் கறுத்திருந்தது. பிழை என்று தெரிந்தும், அவசரத்தில் 'சரி' என்று சோதனைத் தாளில் கையெழுத்து வைத்தேன்.

ஜனவரி 16

அண்ணையை நாளையோடு நிற்பாட்டப்போகிறாராம் அக்னெஸ். வேலை போய் வெல்ஃபேர், அரசாங்க உதவிப்பணம், எடுத்தால் மனைவியை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் செய்ய முடியாது. அந்த மனுசி கொழும்பு லொட்ஜில் மூன்று வருஷமாகக் காத்திருக்குது.

நான் வாய் திறந்தேனா? இல்லை. அண்ணையும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "நீ படிச்ச பிள்ளை, உன்ர கடிதம் வரட்டும்" என்றார். அதற்குப் பதில் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

ஜனவரி 17

கோட்டைக்கூடக் கழற்றாமல் அக்னெஸிடம் போய்ச் சொன்னேன். பார்த்தேன், தெரியும், கையெழுத்து என்னுடையது. அவர் கேட்டது ஒன்றுதான்: "பேனாட்டின் கை போயிருந்தால்?"

அண்ணையை நிற்பாட்டுகிற கதையை விட்டுவிட்டார்.

பெப்ரவரி 2

வீட்டு அவன் அடுப்பில் புது மணலைத் தட்டுத்தட்டாகக் காயவைக்கிறேன். என்னவர் எட்டிப் பார்த்து, "என்ன, பிட்டுக்கு மாவோ?"

மே 8, வியாழன்

கண்காட்சி திறந்தாயிற்று. நாலாவது அடைப்பைப் பேனாட்தான் திறந்தான். ஏழு நிமிஷத்தில் மூடி சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

கடிதம் இல்லை. அடுத்த வருஷம் பார்க்கலாமாம்.

அண்ணைக்கு நாளை அரை நாள் லீவு வேணுமாம், மனுசியைக் கூட்டிவர மிராபெல் விமான நிலையத்துக்குப் போக. லீவுத் தாளில் நான்தான் கையெழுத்து வைத்தேன். வடிவாக வாசித்துவிட்டு.