விளக்கடி மிளகாய்ச் செடி

வீட்டு மகாராணிக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், என் தொப்பை என்னைவிட நலம்.

நீ கொடுத்தனுப்பிய மிளகாய் வற்றலிலிருந்து ஒரு விதை எடுத்து, தயிர் டப்பாவில் மண் போட்டு முளைக்க வைத்தேன். என் அறையில்தான் ஜன்னலே கிடையாதே! மேசை விளக்குதான் அதற்குச் சூரியன். சூடு பட்டுவிடுமோ என்று பாசத்தில் விளக்கை உயரத்தில் வைத்தேன். செடி ஒட்டடைக்குச்சி மாதிரி வளர்ந்து, போன வாரம் அப்படியே படுத்துவிட்டது.

கூடத் தங்கியிருக்கும் எலக்ட்ரீஷியன் சிரித்தார். "அண்ணே, லைட்டு தூரத்துல இருந்தா எட்டிப் பிடிக்கத்தான் பாக்கும். பக்கத்துல வைங்க. காத்தும் படல, அதான் தண்டுல தெம்பில்ல. தினம் லேசா தடவிக் குடுங்க."

"வீட்டுக்காரிக்கே அப்படிச் செஞ்சதில்லையேப்பா!"

"அதான் இங்க வந்து செடிகிட்ட கத்துக்கிறீங்க."

விளக்கை இறக்கினேன். வேலைக்குப் போகுமுன் தடவிக் கொடுக்கிறேன். இன்று காலை லேசாகத் தலைதூக்கியிருக்கிறது.

அதைக் குச்சியோடு கட்ட உன் பழைய நூல் சேலையில் கொஞ்சம் கிழித்து அனுப்பு. இங்கே நூல் கிடைக்காதா என்று கேட்காதே, கிடைக்கிறது.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன். சேலையைத் துவைக்காமலே அனுப்பு.

உன் வீட்டுக்காரன்