அந்தோனிப்பிள்ளை அண்ணையின் கவிதை

பெப்ரவரி 8, ஞாயிறு

எனக்குத்தான்! முதன்மைப் பாத்திரம் எனக்குத்தான்! ஜெர்மனிக்கு வந்த நாள் முதல் இந்தக் கெல்சென்கிர்ச்சன் தமிழ்க் கலைவிழாவில் எனக்குக் கிடைத்ததெல்லாம் அம்மா வேடம், இல்லாவிட்டால் திரை இழுக்கிற வேலை. இந்த முறை மதீசன் ஒரு பழைய பிரெஞ்சு நகைச்சுவை நாடகத்தைத் தமிழாக்கி இயக்குகிறான். முகத்துக்கு முன்னால் புகழ்ந்துவிட்டு முதுகுக்குப் பின்னால் சிரிக்கிற கூட்டம். அதற்கு நடுவில் பொய்யே சொல்லமாட்டேன் என்று நிற்கிற ஓர் ஆள். மூலத்தில் ஆண். மதீசன் பெண்ணாக்கிவிட்டான்.

"உமக்குத்தான் அந்த வாய் இருக்கு, கிருசாந்தி."

புகழ்ச்சியா இது? இருக்கட்டும்.

பெப்ரவரி 15

என் காட்சி: ஒரு பெரிய மனிதர் தன் கவிதையை வாசித்து, எப்படி என்று கேட்கிறார். எல்லோரும் ஆகா என்கிறார்கள். நான் மட்டும், "கிழிச்சுப் போடுங்கோ!" குளியலறையில் கத்திக் கத்திப் பழகினேன். பக்கத்து வீட்டுக்காரி சுவரில் தட்டினாள்.

பெப்ரவரி 22

கெட்டது போ! மண்டபத்தை இலவசமாகத் தருகிறவர் அந்தோனிப்பிள்ளை அண்ணை. மண்டபம் தருகிறவருடைய வாழ்த்துப்பா இல்லாமல் இங்கே எந்த விழா நடந்தது? எங்கே செருகுவது என்று பார்த்த மதீசன், "நாடகத்தில ஒரு கவிதை வருது அண்ணை, உங்கட ஒண்டைத் தாங்கோ" என்று கேட்டுவிட்டான். மேடையில் புகழப் போகிறோம் என்று மனிதர் புதுக் கோட்டே வாங்கிவிட்டாராம்.

"கிழிக்கப் போறம் எண்டு சொல்லேல்லையோ?"

"எப்பிடிச் சொல்லுறது? மண்டபம் போயிடுமெல்லே!"

பொய்முகங்களைக் கிண்டல் செய்கிற நாடகம், இதற்குள்ளேயே இப்படி ஒரு பொய். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பெப்ரவரி 25

கவிதை வந்துவிட்டது.

*ரூர் நதியே, நீ ஓடு!*
*தமிழே, நீ கூடு!*
*குளிரே, நீ வாடு!*
*ஆட்டம் ஒன்று போடு!*

ஐயோ.

மார்ச் 1, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அண்ணை மண்டபத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, உங்கட கவிதையை நான் மேடையில கிழிக்கச் சொல்லுவன். சனம் சிரிக்கும்."

கதிரையைக் கீழே வைத்தார். "ஏன், கவிதை சரியில்லையோ?"

"சரியில்லை அண்ணை. முதல் வரி மட்டும் பரவாயில்லை."

கதிரைகளை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். மதீசன் போனில் வாய்க்கு வந்தபடி ஏசினான். நாடகமும் போச்சு, என் வேடமும் போச்சு. நான் ஏன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை?

மார்ச் 3

அண்ணையே போன் எடுத்தார்! "மனுசியிட்டைக் கேட்டனான். கலியாணம் கட்டின நாள் தொடக்கம் பயத்தில நல்லம் எண்டு சொன்னவவாம். அது கிடக்கட்டும், அந்தக் கவிதை வாசிக்கிற ஆளா ஆர் நடிக்கிறது? என்ர கவிதையை வேற ஒருத்தராலும் வாசிக்க ஏலாது. நான் வாறன்."

சமையலறையில் துள்ளினேன். பால் பொங்கி வழிந்தது.

மார்ச் 21, சனி

மண்டபமே அதிர்ந்தது! புதுக் கோட்டோடு நெஞ்சை நிமிர்த்தி "குளிரே, நீ வாடு!" என்று அவர் கையை உயர்த்த, சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவருடைய மனைவிதான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார். முடிந்ததும், கையில் தின்பதற்கு ரோல்ஸோடு வந்தவர்கள் எல்லோரும், "கிருசாந்தி, அருமை, அந்தமாதிரி!" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த உற்சாகத்தில் அண்ணையிடமும் போய்க் கேட்டேன், நான் எப்படி என்று.

"கத்திப்போட்டீர் தங்கச்சி. பின்வரிசையில காதைப் பொத்தினவை."

மார்ச் 22

இந்த மனுசனுக்கு நடிப்பைப் பற்றி என்ன தெரியும்? இவரிட்டை ஆர் கேட்டது?

நான்தான் கேட்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

டுசல்டோர்ஃப் நகரிலும் நாடகத்தைப் போடச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது! வீடியோவை இன்றைக்குத்தான் பார்த்தேன். கத்தத்தான் கத்தியிருக்கிறேன். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"ஒத்திகைக்குக் கொஞ்சம் வெள்ளெண, மற்றவை வர முதல் வாங்கோ அண்ணை. நான் மெல்லமாச் சொல்லிப் பார்க்கவேணும்."

"ஓம் ஓம், வாறன். நானும் கவிதையைத் திருத்தி வைச்சிருக்கிறன். அந்த முதல் வரியையும் கெடுத்துப்போட்டன்."