ஒரு கைக்கு ஓர் அடுப்பு

மார்ச் 4, புதன்
அடுப்பின் குமிழை அழுத்தினால் டிக்-டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது, தீ பிடிக்கவில்லை. நேரம் பார்த்துக் கழுத்தறுக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு வலது கை பெயருக்குத்தான் தொங்குகிறது. குமிழுக்கு ஒரு கை, லைட்டருக்கு ஒரு கை என்றால் நான் எங்கே போவேன்? திங்கட்கிழமை மனைவி மறுபடி பஸ் ஓட்டப் போகவேண்டும். "உங்களால தனியா ஒரு டீ போட்டுக்க முடியலன்னா நான் வேலைய விட்டுடறேன்" என்றாள், மெதுவாக. இப்போதெல்லாம் எல்லாமே மெதுவாகத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து ஒரு திட்டுகூட இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 5
பொறி வரவைக்கும் பேட்டரியை மாற்றிப் புதிது போட்டேன். அதே டிக்-டிக்.

மார்ச் 6
மைத்துனன் வந்தான். "புதுசு வாங்கிடலாம் மாமா. இதுக்குப் போய் மண்டைய உடைச்சுக்கிட்டு." எனக்குச் சுருக்கென்றது. ரிப்பேரானதையெல்லாம் தூக்கிப் போட ஆரம்பித்தால் அடுத்தது யார்?
அவன் போனதும் பழைய பல் பிரஷ்ஷால் பர்னரையும் பொறி வரும் முனையையும் தேய்த்தேன். பயனில்லை.

மார்ச் 7, சனி
காஸை மூடிவிட்டு, ஜன்னல் திரையை இழுத்து, இருட்டில் குமிழை அழுத்திப் பார்த்தேன். பொறி வருகிறது. ஆனால் பர்னருக்குப் போகாமல், அடுப்பின் மேல் விரித்திருக்கும் அலுமினியத் தாளுக்குத் தாவுகிறது. தாளின் ஓரம் மடங்கி முனையை உரசிக்கொண்டிருந்தது.
அந்தத் தாளை விரித்ததே நான்தான். அவளுக்குத் தேய்க்கிற வேலை மிச்சமாகட்டும் என்று, போன வாரம், ஒரு காலை முழுக்க. வீடு திரும்பிய பின் நான் செய்த முதல் வேலை.
பிய்த்துப் போட்டேன். காஸைத் திறந்து அழுத்தினேன். பிடித்துக்கொண்டது.
அவளிடம் சொன்னேன். "எனக்கு நேத்தே தாள் மேல சந்தேகமாத்தான் இருந்துச்சு" என்றாள்.
"அப்புறம் ஏன் சொல்லல?"
"நீங்க கஷ்டப்பட்டுப் போட்டது. பிய்க்க மனசு வரல."
ஆத்திரம் முட்டிக்கொண்டு வந்தது. நான் என்ன சின்னப் பிள்ளையா? தப்பு பண்ணா திட்டேன்டீ — இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

மார்ச் 9, திங்கள்
அவள் வேலைக்குப் போனாள். மாலை அவள் வரும் நேரத்துக்கு டீ போட்டுவிட்டு, மிச்சப் பாலை அடுப்பில் வைத்தேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.
பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு? நாள் பூரா வண்டி ஓட்டிட்டு வந்து இதையும் நானே தொடைக்கணுமா? எடுங்க துணிய."
எடுத்தேன். நான் துடைத்து முடிக்கும்வரை திட்டிக்கொண்டே டீ குடித்தாள். சர்க்கரை அதிகம் என்று தனியாக ஒரு பாட்டு.
எனக்கு வாயெல்லாம் பல்.