தமிழ்–தெலுங்குப் பகுதியின் இரண்டாமவருக்கு

அக்கா,

இன்று காலையும் அகராதியிலிருந்து அந்த மின்னஞ்சல் வந்தது. "உங்கள் சொல் இரண்டாமவரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது." அந்த இரண்டாமவர் நீங்கள்தான். நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டதை அந்தக் கணினியிடம் யார் சொல்வது?

சம்பளமில்லாத வேலை நம்முடையது. ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் சேர்ந்து இணையத்தில் எழுதும் பன்மொழி அகராதியில் தமிழ்–தெலுங்குப் பகுதிக்கு நாம் இரண்டே பேர். ஒருவர் எழுதினால் மற்றவர் பார்த்துச் சரி சொல்லவேண்டும். பலமனேரில் தக்காளி மண்டிக் கணக்கை முடித்துவிட்டு நீங்கள் எழுதுவீர்கள். திருப்பதியில் நான். கணவர் குவைத்தில், கேட் எப்போதும் பூட்டு, மாடிப்படி இறங்கினாலே "எங்கே?" என்று கேட்க மாமியார். பகலெல்லாம் என்னோடு பேசியவர் நீங்கள் ஒருவர்தான். அதுவும் பெரும்பாலும் திட்டு.

உங்கள் பிள்ளைகள் அமெரிக்காவில் வேலை கிடைத்துப் போன பிறகு உங்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் பிடித்துத் திருப்பதிக்கு டயாலிசிஸுக்கு வந்தீர்கள். ஆஸ்பத்திரி என்றால் மாமியாரும் கேட்டைத் திறந்துவிடுவார். அப்படித்தான் உங்களை முதன்முதலாக நேரில் பார்த்தேன். ஒரு கையில் குழாய்கள், மடியில் லேப்டாப்.

"வாம்மா. மெஷின்ல கட்டிப் போட்டு வச்சிக்கிறாங்க, எங்கயும் ஓட மாட்டேன்" என்றீர்கள். சிரித்துவிட்டேன். வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் அழுதேன்.

அன்றைக்கே சண்டையும் போட்டோம். 'நொப்பி' என்ற தெலுங்குச் சொல்லுக்கு வலி என்று பொருள் எழுதி, 'வலி அவளது இதயத்தை வாட்டியது' என்று எடுத்துக்காட்டு கொடுத்திருந்தேன்.

"யாரு சொன்னா இத? ஊசி குத்தசொல்ல எவ வாய்லயாவது இப்டி வருமா?"

சொல்லிக்கொண்டே அதைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். ரத்தம் எடுக்க நர்ஸ் வந்தார். "இந்தக் கையில வேணாம்மா, முந்தாநேத்து குத்துனதே இன்னும் நோவுது" என்று அவரிடம் கெஞ்சினீர்கள். அதையே எழுதினேன். உடனே ஏற்றுக்கொண்டீர்கள்.

கடைசியாகப் பார்த்தபோது திட்டக்கூடத் தெம்பில்லை. "என்னால ஆவலம்மா. பாஸ்வேர்டு சொல்றேன், வச்சிக்கோ. என் பேர்ல நீயே ஓகே பண்ணிக்கினு போ. இல்லனா நம்ம பகுதிய மூடிடுவாங்க."

மூடத்தான் போகிறார்கள். இந்த மாதத்துக்குள் ஒரு சொல்லாவது ஒப்புதல் பெறாவிட்டால் நிறுத்திவிடுவோம் என்று நிர்வாகிகள் எழுதிவிட்டார்கள். வேறு ஆளும் அகப்படவில்லை. அது போனால் எனக்கு இந்த நான்கு சுவர்தான் மிச்சம். பயமாக இருக்கிறது அக்கா.

அதனால் இன்று உங்கள் பெயரில் உள்ளே போனேன். நான் எழுதிய தெலுங்குச் சொல் ஒப்புதலுக்கு நின்றிருந்தது: 'ஒண்டரி'. துணையில்லாத தனியாள் என்று பொருள் எழுதி, 'தனிமை அவளைச் சிறைபிடித்தது' என்று எடுத்துக்காட்டு கொடுத்திருந்தேன். ஒரு பட்டனை அழுத்தினால் நம் பகுதி பிழைத்துவிடும். கையைக் கொண்டுபோனேன். "யாரு சொன்னா இத?" என்று நீங்கள் கேட்டது காதில் விழுந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன்.

பிறகு என் பெயரில் நுழைந்து, நேற்று போனில் கணவரிடம் நான் சொன்னதை அப்படியே எழுதினேன்: "ஒண்டியா கீறேன். பேச ஒரு ஆளு இல்ல."

இதை நீங்கள் ஏற்றுக்கொண்டிருப்பீர்கள். எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் உங்கள் பெயரில் வேண்டாம் என்று சொல்ல முடிந்த எனக்கு, சரி என்று சொல்லக் கை வரவில்லை.